சுண்டு விரலுக்கு மசியாத பிடி

கிள்ளானில் ஒரு லோரியின் ஸ்டியரிங் இறுகிவிட்டால் டிரைவர் முதலில் முதலாளியைத் திட்டுவார், பிறகு மேரு சாலைக்கு வருவார். அங்கே டயர் கடைக்கும் கோழிச்சோற்றுக் கடைக்கும் நடுவில் கமலநாதனின் பட்டறை இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அவர் செய்துவரும் தொழில் ஒன்றே ஒன்று: கனத்த ஸ்டியரிங்கை இலேசாக்குவது. பிரேக் பார்க்க மாட்டார். எஞ்சினைத் திறக்க மாட்டார். ஏர்கண்டிஷன் என்று யாராவது வாயெடுத்தால் எதிர்க்கடையைக் கைகாட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்.

அந்தப் பட்டறைக்கென்று ஒரு சடங்கு உண்டு. வேலை முடிந்ததும் வண்டிக்காரரை ஏறி உட்காரச் சொல்வார். எஞ்சின் ஓடும். வண்டி நின்ற இடத்திலேயே, சுண்டு விரலை மட்டும் ஸ்டியரிங்கில் மாட்டி, கடைசிவரை இடப்பக்கம், கடைசிவரை வலப்பக்கம் திருப்ப வேண்டும். மோதிர விரல் உதவிக்கு வந்துவிட்டால் அந்த வண்டி வெளியே போகாது. மறுபடி ஜாக்கியில் ஏறும். காஜாங் சாத்தே இறைச்சிக் கடை வேன், சுங்கை வே தொழிற்சாலை பஸ், அம்பாங் சிமெண்ட் லோரி எல்லாம் இந்த விரலுக்குத் தலைவணங்கிப் போனவை. ஒருமுறை சுண்டு விரலே இல்லாத டிரைவர் ஒருவர் வந்தார். சட்டத்தைத் தளர்த்த மனமில்லாத கமலநாதன் தாமே ஏறித் தம்முடைய விரலால் திருப்பிக் காட்டி அனுப்பினார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தம் ஐம்பத்து நான்காவது வயதில், பந்திங் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு மேலே, இரண்டு கைகளாலும் ஒரு முழங்காலாலும் ஒரு பிடியைத் தள்ளிக்கொண்டு, அது அசைய மறுப்பதைக் கண்டு வியர்த்துப்போனார். அந்த வரலாறுதான் இது.

விமானம் கட்டும் யோசனை எங்கிருந்து வந்தது என்று அவருடைய மனைவி அமுதவள்ளி ஆரம்பத்திலேயே கேட்டிருக்கிறார். "சும்மா," என்று பதில் வந்தது. அந்தச் சும்மா முடிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில் மெதுவாகப் போகும் பயிற்சி விமானம் ஒன்றில் ஓட்டவும் கற்றுக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து மரப்பெட்டிகளில் அலுமினியத் தகடுகள் வந்தன. தாமான் என்ற குடியிருப்பில் இருந்த அவர்களுடைய வரிசை வீட்டின் போர்ச்சிலிருந்து கார் வெளியேற்றப்பட்டு சாலையோரத்தில் வெயில் காய்ந்தது. கார் நின்ற இடத்தில் விமானத்தின் உடல் வளர்ந்தது. எஞ்சின் ஹாலில், சாமி மேடைக்கு அடுத்து, விபூதி மணத்தோடு இருந்தது. தீபாவளிக்கு வந்த உறவினர்கள் அதைப் புதுவகை வாஷிங் மெஷின் என்று எண்ணி நலம் விசாரித்தார்கள்.

இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம்தான். ஆனால் வீட்டில் கட்டும் விமானங்களில் இது வேகமான ரகம். நூற்று நாற்பது நாட்ஸ் ஓடும். சாலைக் கணக்கில் மணிக்கு ஏறக்குறைய இருநூற்று அறுபது கிலோமீட்டர்.

இதன் இறக்கையின் பின் ஓரத்தில், நுனிப் பக்கமாக, கீலில் தொங்கும் கதவு போல ஒரு நீண்ட பலகை உண்டு. பெயர் ஏலெரான். இடப்பக்கத்தது மேலே போனால் வலப்பக்கத்தது கீழே வரும், விமானம் சாயும். ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே நிற்கும் பிடியைப் பக்கவாட்டில் தள்ளினால் இவை இரண்டும் அசையும். ஆகாயத்தில் ஸ்டியரிங் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆகவே கமலநாதன் மற்ற எல்லா வேலைகளையும் புத்தகத்தைப் பார்த்துச் செய்தார். ஏலெரானை மட்டும் முப்பது வருஷ அனுபவத்தைப் பார்த்துச் செய்தார்.

முடிந்த ஏலெரான்கள் இரண்டையும் போர்ச்சின் கூரையில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். அவற்றின் பின் ஓரம் கத்தி போல மெல்லியது. அது தொங்கிய உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அமுதவள்ளியின் நெற்றி இருந்த உயரமும் அதுவே.

முதல் முறை கீறல். இரண்டாம் முறை மூன்று தையல். எதில் இடித்தது என்று ஆஸ்பத்திரியில் பதிவு செய்பவர் கேட்க, "ஏரோப்ளேன்ல," என்று அமுதவள்ளி உண்மையைச் சொன்னார். பதிவு செய்பவர் அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சமையலறை" என்று எழுதிக்கொண்டார்.

அமுதவள்ளி பிரிக்பீல்ட்ஸில் மாடிக்கடை ஒன்றில் ரவிக்கை தைப்பவர். தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய்வருவார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவருடைய சட்டையில் பிசிறு தெரிந்தால்கூடப் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் கண்டிப்பு அவருக்கு. ஓரம் மடிக்காத ஒரு பொருளை வீட்டில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி? தையல் பிரித்த மறுநாளே கார் அக்செசரி கடைக்குப் போனார். கதவு ஓரத்துக்குப் போடுவார்களே, அந்த ரப்பர் பட்டையை இரண்டு ஏலெரானுக்கும் அளந்து வாங்கினார். பசை தடவி, ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிற மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினார்.

கமலநாதன் கோபப்பட்டிருக்க வேண்டும். அவரோ தடவிப் பார்த்து மகிழ்ந்தார். இந்த நாட்டில் புதுக்கார் வாங்கும் எவரும் கதவோரத்துக்கு ரப்பர் போடாமல் விடுவதில்லை, சீட்டின் பிளாஸ்டிக்கை மூன்று வருஷத்துக்குக் கழற்றுவதுமில்லை. விமானம் மட்டும் என்ன பாவம் செய்தது? லோரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் சிவநேசன் வந்து, ரப்பரோடு சேர்த்து வெள்ளை அடித்தார். அதன்பிறகு எது தகடு, எது ரப்பர் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

விமானம் பந்திங் செம்பனைத் தோட்டத்து ஓடுதளத்துக்குப் போகும் முன் தாமான் முழுவதும் வரிசையில் வந்து பிடியை ஆட்டிப் பார்த்தது. "பஞ்சு மாதிரி இருக்குலா!" என்றார்கள். சுண்டு விரலால் ஆட்டினார்கள். கமலநாதன் நெஞ்சு நிமிர நின்றார். அந்தப் பெருமைக்கு ஆயுள் இரண்டு வாரம்.

காரின் ஸ்டியரிங் நிற்கும்போது கனக்கும், ஓட ஓட இலேசாகும். விமானத்தின் பிடி நேர் எதிர். நிற்கும்போது பஞ்சு. வேகம் ஏற ஏறக் காற்று அந்தப் பலகையைப் பிடித்துக்கொள்கிறது. வேகம் இரட்டிப்பானால் கனம் நான்கு மடங்கு. கமலநாதனின் முப்பது வருஷ அறிவு தலைகீழாக நிற்க வேண்டிய இடம் இது. அது நிமிர்ந்தே நின்றது.

முதல் பறப்பில் எண்பது நாட்ஸ் வரை சுகம். நூறில் உறுத்தல். நூற்று இருபதில் பிடி ஈரச் சிமெண்டில் நட்ட கம்பி போல இருந்தது. இறங்கி வந்தவர் யாரிடமும் சொல்லவில்லை. கீல்களைக் கழற்றினார், தாங்கிகளை மாற்றினார், லோரிக்குப் போடும் உயர்ந்த கிரீஸைப் பூசினார். தரையில் பிடி இன்னும் இலேசாயிற்று. இரண்டாம் பறப்பில் மேலே இன்னும் அதே கம்பி. மறுபடி கிரீஸ். மூன்றாம் பறப்புக்குப் பின் அவரால் வீட்டு அரிசி மூட்டையைத் தூக்க முடியவில்லை. தோளில் யூகலிப்டஸ் தைலம் மணக்கப் பட்டறைக்கு வந்தார்.

சிவநேசன் மோப்பம் பிடித்துவிட்டார்.

"என்னண்ணே, கை தூக்க மாட்டேங்குது?"

"தூக்கத்துல சுளுக்கிக்கிச்சு."

"தூங்குறப்போ பிளேன் ஓட்டுனீங்களா?" சிவநேசன் குரலைத் தாழ்த்தினார், அதாவது கோழிச்சோற்றுக் கடை வரை மட்டும் கேட்கும் அளவுக்கு. "ஸ்டியரிங் டாக்டருக்கே ஸ்டியரிங் ஹார்டா? அலாமா, வெளிய தெரிஞ்சா லோரிக்காரனுங்க ஒருத்தனும் வர மாட்டான்ணே."

"வாய மூடிட்டு பெயிண்ட் அடிடா."

வாயை மூட வேண்டிய அவசியம் வந்தது, ஏனென்றால் சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டு விமானம் கட்டுவோர் சங்கம் என்று ஒன்று உண்டு. அதில் உறுப்பினர்கள் பதினொருவர், பதவிகள் பதினான்கு. அந்தப் பதினான்கில் உருப்படியான பதவி பரிசோதகர் பதவி. அதை வகித்தவர் கார்த்திகேசு, வயது அறுபத்தெட்டு, ஓய்வுபெற்ற விமான கேப்டன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பறந்து, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதக் கடைசியில் விமானத்தின் தற்காலிக அனுமதி முடிகிறது. கார்த்திகேசுவோ திங்கட்கிழமை மெல்பர்னில் இருக்கும் மகளிடம் போகிறார், ஆறு மாதத்துக்கு. சனிக்கிழமை கையெழுத்து விழாவிட்டால் இறக்கையைக் கழற்றிப் போர்ச்சுக்குக் கொண்டுபோக வேண்டும்.

போர்ச்சைப் பற்றி அமுதவள்ளி முன்பே தீர்ப்பு எழுதியிருந்தார். "போனது போனதுதான். திரும்ப என் வீட்டுக்கு வரக்கூடாது. வந்தா நேரா பழைய இரும்புக் கடை." நெற்றித் தழும்பைத் தொட்டுக்கொண்டு சொன்ன தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

ஒன்பது ஆண்டுகள், ஒரு காலை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கே வெயில் ஏறிவிட்டது. ஓடுதளத்தின் ஓரத் தகரக் கொட்டகையில் அமுதவள்ளி, கழுத்தில் இஞ்சிடேப்பைக்கூடக் கழற்றாமல், இரண்டு பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். தம் பெயிண்டின் அழகை நேரில் பார்க்க சிவநேசனும் வந்திருந்தார். கார்த்திகேசு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். கீல்களை அசைத்தார், போல்ட்டுகளை எண்ணினார், பிடியை ஆட்டினார்.

"நல்லா ஃப்ரீயா இருக்கு."

"பஞ்சு கேப்டன்," என்றார் கமலநாதன்.

"என்னுடைய ரூல் சிம்பிள். நூற்று நாற்பதிலே இடம் ஒன்று, வலம் ஒன்று, ஒரே கையாலே. இரண்டாவது கை வந்தா, ஐ ரைட் நோ."

கமலநாதனுக்குத் தம் பட்டறைச் சடங்கு நினைவுக்கு வந்தது. அவர் அதை ரசிக்கவில்லை.

கிளம்பினார்கள். கீழே செம்பனைகள் சதுரம் சதுரமாகப் போயின. லங்காட் ஆறு பழுப்பாக வளைந்தது. தூரத்தில், கேரித் தீவுக்கு அப்பால், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் புகைமூட்டத்தில் நின்றன. உயரம் இரண்டாயிரத்து ஐந்நூறு அடி. கடல் பக்கம் மேகங்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

"நூற்றுப் பத்து. இடப்பக்கம்."

கமலநாதன் பல்லைக் கடித்தார், முகம் சிரித்தது. விமானம் சாய்ந்தது, நிமிர்ந்தது.

"குட். நூற்று நாற்பது."

எஞ்சின் உறுமியது. முள் ஏறியது. பிடி அவர் கைக்குள்ளேயே செத்துப் போய்க்கொண்டிருந்தது. தோளிலிருந்து தள்ளினார். கொஞ்சம் அசைந்தது. முழங்காலை மெல்ல உள்ளே கொண்டுவந்து பிடியின் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

"கமல், உங்கட முழங்கால் என்ன செய்யுது?"

"தாளம் போடுது கேப்டன்."

"எனக்குப் பாட்டுக் கேக்கேல்லையே."

அடுத்த பதில் யோசிக்க அவகாசம் கிடைக்கவில்லை. மேகத்தின் ஓரத்துக் காற்று கீழிருந்து ஓர் உதை விட்டது. வலது இறக்கை எகிறியது, இடது இறக்கை சரிந்தது. ஜன்னல் முழுக்கச் செம்பனை. மூக்கு தாழ்ந்தது. தாழ்ந்த மூக்கு வேகத்தைக் கொடுத்தது, அந்த வேகம் பிடியை இன்னும் இறுக்கியது. நூற்று ஐம்பது. இரண்டு கையாலும் வலப்பக்கம் தள்ளினார். முழங்கால் தாளத்தை விட்டுவிட்டு உதைத்தது. பிடி ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. நூற்று ஐம்பத்தைந்து. கார்த்திகேசு தம் பக்கத்துப் பிடியில் இரண்டு கையையும் போட்டார். இரண்டு பெரிய மனிதர்கள், நான்கு கைகள். விமானம் அந்த நான்கையும் மதிக்காமல் இடப்பக்கமாகத் திருகிக்கொண்டே இறங்கியது.

"எஞ்சினைக் குறை!"

"நீங்க குறைங்க கேப்டன்!"

"அது உம்மட வேலை!"

"நடுவுலதானே இருக்கு, உங்களுக்கும் கை எட்டும்!"

"கையை எடுத்தா கவிழ்ந்திடும் காணும்!"

நடுவிலிருந்த அந்தக் கறுப்புக் குமிழை இழுத்தால் வேகம் குறையும். அதை இழுக்க ஐந்தாவது கை தேவைப்பட்டது. நூற்று அறுபத்தைந்து. அதற்கு மேல் போகக்கூடாது என்ற சிவப்புக் கோடு நூற்று எண்பதில். உயரமானி ஆயிரத்து நானூறு, ஆயிரத்து இருநூறு என்று இறங்கியது. கீழே செம்பனை ஓலைகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. ஓர் ஓலையின் கீழ் யாரோ சைக்கிளை நிறுத்தியிருப்பதைக்கூடக் கமலநாதன் பார்த்தார். நீல நிற சைக்கிள்.

நூற்று அறுபத்தெட்டில், இடது இறக்கைப் பக்கம் 'பட்' என்று ஒரு சத்தம். விமானம் ஒருமுறை நடுங்கியது.

பிடி நகர்ந்தது. நிறைய இல்லை, ஒரு கையை எடுக்கிற அளவுக்கு. கார்த்திகேசுவின் கை குமிழுக்குப் பாய்ந்து இழுத்தது. உறுமல் அடங்கியது, முள் இறங்கியது, இடது இறக்கை மெதுவாக மேலே வந்தது. எழுநூறு அடியில் விமானம் நேராகப் பறந்துகொண்டிருந்தது, எதுவும் நடக்காதது போல.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்த கார்த்திகேசு படிவத்தில் மூன்று எழுத்து எழுதினார். ஆங்கிலத்தில் "நோ"வுக்கு இரண்டு எழுத்துதான். மூன்றாவதாக அவர் போட்டது ஓர் ஆச்சரியக்குறி.

இறங்கும்போது வேகம் எழுபத்தைந்து. பிடி பஞ்சு மாதிரி இருந்தது. கமலநாதனுக்கு அழுகை வந்தது.

எஞ்சின் நின்றதும் அமுதவள்ளி நடந்து வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "சாப்பிடுறீங்களா?" என்றார். முகத்தில் விடை கிடைக்காத இடத்தில் துணியைப் பார்ப்பது அவர் தொழில் பழக்கம். இடது இறக்கையின் பின்னால் போய் நின்றார்.

"என்னங்க. என் ஓரம் எங்க?"

"என்ன ஓரம்?"

"நான் ஒட்டுன பைப்பிங். இந்தப் பக்கம் ஒரு இஞ்சிகூட இல்ல. பெயிண்டோட பிச்சிக்கிட்டுப் போயிருக்கு. அந்தப் பக்கம் அப்படியே இருக்கு."

சிவநேசன் ஓடிவந்து பார்த்தார். "ஆயோ, என் ஃபினிஷிங்!"

கமலநாதன் இடது ஏலெரானைப் பார்த்தார். வெற்றுத் தகடு, கத்தி ஓரம். வலப்பக்கத்துக்குப் போனார். விரலால் ஓரத்தைத் தடவினார். தகடு மெல்லியது. அதன் கடைசியில், மேலும் கீழும், மூன்று மில்லிமீட்டர் தடித்த ரப்பர் உதடு. முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவர் கீலை விட்டுவிட்டு, காற்று போகும் வழியை விரலால் தொடர்ந்தார். பலகை மேலே எழப் பார்த்தால் காற்று மேல் உதட்டில் முட்டிக் கீழே அழுத்தும். கீழே போகப் பார்த்தால் கீழ் உதட்டைப் பிடித்து மேலே தள்ளும். எந்தப் பக்கம் போனாலும் "போகாதே" என்று இழுத்து உட்கார வைக்கும். வேகம் கூடக் கூட அதட்டலும் கூடும்.

"கேப்டன்," என்றார். "அந்தப் பட்டுனு சத்தம், அதுக்கு அப்புறம்தானே கை இளகுச்சு?"

"இல்லை. நான் எஞ்சினைக் குறைச்சேன், அதனாலே."

"நீங்க கையை எடுக்க முடிஞ்சதே சத்தத்துக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் யார் குறைக்கிறதுன்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம்."

கார்த்திகேசு உண்மையான மனிதர். வலப்பக்கத்து ரப்பரைத் தாமும் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அமுதவள்ளிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. "அப்ப... நான் ஒட்டுனதாலயா?"

"நீ ஒட்டுனத நான்தான் தடவித் தடவிப் பாராட்டுனேன்," என்றார் கமலநாதன். "ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு."

"பெயிண்டருக்குப் பங்கு இல்லண்ணே," என்று சிவநேசன் அவசரமாகப் பதிவு செய்தார்.

மணி பத்து. கடல் பக்கத்து மேகத்தின் அடிவயிறு கறுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் மழை ஓடுதளத்துக்கு வந்துவிடும், கார்த்திகேசு தம் காருக்குப் போய்விடுவார். சொல்லாமலே அமுதவள்ளி கைப்பையைத் திறந்து தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தார். தாம் வைத்த ஓரத்தைத் தாமே பிரித்தார். பிரிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. நன்றாக ஒட்டியிருந்தார். சிவநேசன் தின்னர் ஊற்றிப் பசையைத் துடைத்தார். கமலநாதன் கடைசித் துணுக்கு வரை நகத்தால் சுரண்டினார். இதில் மூன்று பேருக்கும் சேர்த்து நான்கு விரல்களில் வெட்டு. அமுதவள்ளி ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், இது வெட்டும்னு," என்றார்.

"கேப்டன், இப்ப போலாம்."

கார்த்திகேசு பிளாஸ்க் மூடியில் தேநீரை வைத்துக்கொண்டு இருக்கையில் ஆழமாக உட்கார்ந்தார். "தம்பி, காலையிலே ஒருதரம் செத்துப் பார்த்தாச்சு. ரெண்டாந்தரம் நீர் முதலிலே போயிட்டு வாரும். தனியா. நூற்று நாற்பது. உயிரோட வந்தா நான் யோசிக்கிறேன்."

"நான் கூடப் போறேன்," என்றார் அமுதவள்ளி.

"கூடாது," என்றனர் மூவரும், அன்று முதல் தடவையாக ஒருமித்து.

கமலநாதன் தனியாக ஏறினார். விமானம் செம்பனைகளுக்கு மேல் எழுந்து, சிறுத்து, கறுத்த மேகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளை ஊசி ஆயிற்று. எஞ்சின் சத்தம் கூர்மையானது. "வேகம் ஏத்துறார்," என்றார் கார்த்திகேசு. அமுதவள்ளி கழுத்து டேப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தார். ஊசி இடப்பக்கம் சாய்ந்தது. அப்படியே இருந்தது. நிமிரவில்லை.

"ஏன் அப்படியே இருக்கு?" என்றார் அமுதவள்ளி.

கார்த்திகேசு எழுந்து நின்றிருந்தார், தேநீர் காலில் கொட்டியிருந்தது. ஊசி சாய்ந்தபடியே மேகத்தின் பின்னால் போயிற்று. சத்தமும் அமுங்கியது. அமுதவள்ளியின் விரல் நுனி நீலமாகும்வரை டேப் இறுகியது. அறுபது அங்குலமும் சுற்றி முடிந்து இனிச் சுற்ற இடமில்லை.

மேகத்தின் மறுபக்கத்திலிருந்து வெளியே வந்தபோது அது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பிறகு இடம். பிறகு வலம். பிறகு தேவையே இல்லாமல் மறுபடி இடம். கோயில் யானை காது ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டே வந்தது.

"மனுஷனுக்குக் கொழுப்பப் பாருங்க," என்றார் அமுதவள்ளி. டேப்பை அவிழ்க்க சிவநேசன் உதவ வேண்டியிருந்தது.

கார்த்திகேசு ஏறினார். மழைக்கு இருபது நிமிடம் பாக்கி. மேலே, நூற்று நாற்பதில், கமலநாதன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்களே பிடிங்க கேப்டன். நம்ம பட்டறையில கஸ்டமர்தான் பார்க்கணும். சுண்டு விரல்ல."

கார்த்திகேசு சுண்டு விரலைக் கொடுத்தார். பிடி யோசித்தது. மோதிர விரல் சேர்ந்தது. பாதி வந்தது. நடுவிரலும் வந்து சேர்ந்ததும் விமானம் அழகாகச் சாய்ந்தது, அழகாக நிமிர்ந்தது. மறுபக்கமும் அப்படியே.

கீழே வந்து, இறக்கையின் மேலேயே படிவத்தை வைத்து, பழைய எழுத்துகளையும் ஆச்சரியக்குறியையும் அடித்துவிட்டு, "சரி" என்று எழுதினார். குறிப்பு என்ற இடத்தில் "மூன்று விரல்" என்று சேர்த்தார். கையெழுத்துப் போடப் பேனாவை ஊன்றியபோது கமலநாதன் குறுக்கே கைநீட்டினார்.

"இருங்க கேப்டன். மோதிர விரல் உதவிக்கு வந்திச்சுல்ல? அப்படின்னா வண்டி வெளிய போகக்கூடாது. இன்னொரு தடவை நான் அந்த ஓரத்த..."

"கையெழுத்த வாங்குங்க முதல்ல!" என்று அமுதவள்ளி போட்ட சத்தத்தில் கொட்டகைக் கூரையிலிருந்த மைனா பறந்தது. கார்த்திகேசு போட்டார். முதல் தூறல் மையின் மேல் விழுந்தது. சிவநேசன் தம் சட்டையால் மூடினார்.

விமானம் இப்போதும் அந்தத் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறது. அதன் இரண்டு ஏலெரான்களின் கத்தி ஓரத்துக்கும் அமுதவள்ளி கெட்டித் துணியில் இரண்டு உறைகள் தைத்திருக்கிறார். சிவப்புத் துணி, உள்ளே பஞ்சு, ஓரத்தில் பைப்பிங், ஒவ்வொன்றிலும் ஒரு முழ நீள வால். தரையில் நிற்கும்போது போட்டிருக்க வேண்டும், பறக்கும் முன் கழற்ற வேண்டும். கழற்றும் உரிமை அவருக்கு மட்டும். கமலநாதன் ஏறி, பெல்ட் போட்டு, சுண்டு விரலைப் பிடியில் மாட்டிக்கொண்டு காத்திருப்பார். அமுதவள்ளி வலப்பக்க உறையை உருவுவார், சுற்றிப் போய் இடப்பக்க உறையை உருவுவார், மூக்குக்கு முன்னால் வந்து நின்று இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். ஒன்று, இரண்டு என்று கமலநாதன் வாய்விட்டு எண்ணுவார்.

இரண்டாவது எண் கேட்ட பிறகுதான் அவர் விலகி வழி விடுவார்.